ஃபிளாட் யாருக்கு, நகை யாருக்கு, கடன் யாருக்கு? - விவாகரத்தில் சொத்து பிரியும் கதை

நந்தனம் மெட்ரோ ஸ்டேஷனில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் உயர் நீதிமன்றம். சென்னையின் குடும்பநல நீதிமன்றங்கள் இயங்குவது அந்த வளாகத்தில்தான். பிரிவது என்று முடிவெடுத்து, குழந்தை யாரிடம் இருக்கும் என்பதைக்கூடப் பேசி முடித்துவிட்ட தம்பதிகளையும் ஒரு கேள்வி மாதக்கணக்கில் இழுத்தடிக்கும். வீடு யாருக்கு?

'இதில் என்ன குழப்பம், ஆளுக்குப் பாதிதானே?' என்று நினைப்பவர்கள் நிறைய பேர். ஹாலிவுட் நடிகர்கள், அமெரிக்கக் கோடீஸ்வரர்களின் விவாகரத்துச் செய்திகளைப் படித்துப் படித்து, அதுதான் இங்கேயும் சட்டம் என்று மனதில் பதிந்துவிட்டது. 'டைவர்ஸ் ஆனால் சொத்தில் பாதி போய்விடும்' என்று பயப்படும் கணவர்களும் உண்டு. 'பாதி வந்துவிடும்' என்று நம்பிக் கையெழுத்துப் போடும் மனைவிகளும் உண்டு. இரண்டு தரப்பும் நினைப்பது தவறு.

இந்தியாவில், கோவாவைத் தவிர, திருமணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தை விவாகரத்தின்போது இருவருக்கும் பிரித்துக் கொடுக்கச் சொல்லும் பொதுவான சட்டம் இல்லை. சொத்து யார் பெயரில் இருக்கிறது, வாங்கிய பணம் யாருடையது என்பதைத்தான் நீதிமன்றம் முதலில் பார்க்கும். இது தெரியாமல் பேச்சுவார்த்தைக்குப் போய் உட்காருபவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்.

ஒரு ஃபிளாட், மூன்று கணக்கு

எளிதாகப் புரிய, நந்தனத்தில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். 2014-ல் 90 லட்சத்துக்கு வாங்கியது. கணவரின் சேமிப்பு 12 லட்சம். மனைவியின் நகைகளை விற்றது 8 லட்சம். மீதி 70 லட்சம் வங்கிக் கடன். கடன் தொகை அதிகம் கிடைக்க மனைவியின் சம்பளத்தையும் காட்டி, அவரையும் இணைக் கடனாளியாகச் சேர்த்திருக்கிறார்கள். முதல் இரண்டு வருடம் மனைவியின் கணக்கிலிருந்து மாதம் 25,000 ரூபாய் இ.எம்.ஐ-க்குப் போயிருக்கிறது. 2016-ல் குழந்தை பிறக்க, அவர் வேலையை விட்டார். கிரயப் பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும்தான். 'யார் பெயரில் இருந்தா என்ன, நம்ம வீடுதானே' என்று அன்றைக்கு யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை.

இன்றைக்கு அந்த வீடு ஒன்றரைக் கோடி போகும் என்று வைத்துக்கொள்வோம். இடையில் கொஞ்சம் முன்கூட்டியே கட்டியதில் கடன் பாக்கி 35 லட்சம். அதைக் கழித்தால் நிகர மதிப்பு 1 கோடியே 15 லட்சம்.

பத்திரத்தை மட்டும் பார்த்தால் மனைவியின் பங்கு பூஜ்யம். அவர் போட்ட பணத்தை ஆதாரத்தோடு நிரூபித்தால், நகை 8 லட்சமும் 24 மாத இ.எம்.ஐ 6 லட்சமும் சேர்த்து 14 லட்சத்துக்கான உரிமையைக் கோர முடியும். இதே தம்பதி கோவா சட்டத்தின் கீழ் திருமணம் செய்தவர்களாக இருந்தால் பாதி, அதாவது ஐம்பத்தேழரை லட்சம். ஒரே வீடு, ஒரே உழைப்பு. ஆனால் பூஜ்யத்துக்கும் ஐம்பத்தேழரை லட்சத்துக்கும் நடுவே எங்கே போய் நிற்பது என்பதுதான் இங்கே ஒவ்வொரு வழக்கிலும் நடக்கும் சண்டை.

இந்தக் கணக்கில் பலரும் கவனிக்காத ஒரு வேடிக்கை இருக்கிறது. வீட்டுக்கு இணை உரிமையாளராக இருப்பவர் கடனிலும் சேர வேண்டும் என்று வங்கிகள் வழக்கமாகக் கேட்கும். ஆனால், கடனில் சேர்ந்தவர் வீட்டுக்கு உரிமையாளராகவும் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. அதனால், வீட்டில் ஒரு செங்கல்கூடத் தன் பெயரில் இல்லாத பெண், அந்த வீட்டின் மொத்தக் கடனுக்கும் பொறுப்பாளியாக இருக்க முடியும். விவாகரத்துத் தீர்ப்பில் 'கடனைக் கணவரே கட்டுவார்' என்று எழுதியிருந்தாலும் வங்கிக்கு அது பொருட்டே இல்லை. அவர் கட்டாமல் விட்டால் நோட்டீஸ் இவருக்கும் வரும். கிரெடிட் ஸ்கோர் இவருக்கும் விழும். கடனைக் கணவர் ஒருவர் பெயருக்கு மாற்றிக்கொண்டதாக வங்கி எழுத்துபூர்வமாகச் சொல்லும் வரை அந்தக் கையெழுத்து உயிரோடுதான் இருக்கும்.

சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

1955-ம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தில் சொத்தைப் பற்றிப் பேசும் பிரிவு ஒன்றே ஒன்றுதான், 27-வது பிரிவு. திருமணத்தின்போதோ, அதை ஒட்டியோ பரிசாக வந்து, இருவருக்கும் பொதுவாக இருக்கும் பொருட்களைப் பற்றி நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது அது. கட்டில், பீரோ, வெள்ளிப் பாத்திரம் என்று இருந்த காலத்துக்கு எழுதியதுபோல இருக்கிறது. பத்து வருடம் சேர்ந்து வாழ்ந்து வாங்கிய ஃபிளாட்டைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

25-வது பிரிவு நிரந்தர ஜீவனாம்சம். இதைத்தான் பலரும் சொத்துப் பங்கு என்று குழப்பிக்கொள்கிறார்கள். ஜீவனாம்சம் என்பது வாழ்க்கை நடத்தத் தேவையான தொகை. வருமானம், சொத்து, நடத்தை எல்லாவற்றையும் பார்த்து நீதிமன்றம் நிர்ணயிக்கும், கணவரும்கூடக் கேட்கலாம். தேவைப்பட்டால், அந்தத் தொகைக்கு ஈடாக எதிர்த்தரப்பின் வீடு, நிலத்தின் மீது பொறுப்புக் கட்டவும் முடியும். ஆனால், அது பங்கு அல்ல. 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இதை வெளிப்படையாகவே சொன்னது. முதல் மனைவிக்குப் பல நூறு கோடி கொடுத்துப் பிரிந்த ஒரு தொழிலதிபரிடம், இரண்டாவது மனைவியும் அதற்கு இணையாகக் கேட்ட வழக்கு அது. முன்னாள் கணவரின் இன்றைய செல்வத்துக்குச் சமமாக மனைவியை உயர்த்துவது ஜீவனாம்சத்தின் நோக்கம் அல்ல என்று கூறிய நீதிமன்றம், 12 கோடி ரூபாயோடு வழக்கை முடித்தது. 12 கோடியா என்று வாயைப் பிளக்கலாம். ஆனால், அதில் இருக்கும் கொள்கை 12 ஆயிரம் சம்பளக்காரருக்கும் அதேதான்.

மாமனார் பெயரில் இருக்கும் வீடு? இது நந்தனம், தி.நகர், அடையாறு பக்கம் அடிக்கடி வரும் சிக்கல். பழைய தனி வீட்டை பில்டரிடம் கொடுத்து அடுக்குமாடி கட்டியிருப்பார்கள். மாமனாருக்கு இரண்டு ஃபிளாட் வந்திருக்கும். ஒன்றில் மகனும் மருமகளும் குடியிருப்பார்கள். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஏ.சி என்று உள்ளே பத்து லட்சம் போட்டது மருமகளின் சம்பளமாக இருக்கும். ஆனால் பத்திரமும் யூ.டி.எஸ் எனப்படும் பிரிக்கப்படாத நிலப் பங்கும் மாமனார் பெயரில். 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், மாமனார், மாமியாருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும் மருமகள் வாழ்ந்த குடும்ப வீடாக அது இருந்தால், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அங்கே குடியிருக்கும் உரிமையை அவர் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. அது குடியிருக்கும் உரிமை. வீட்டில் பங்கு அல்ல. உள்ளே போட்ட பத்து லட்சத்துக்கு பில்லும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் இருந்தால்தான் பேச்சுவார்த்தையில் அதை எடுக்கவே முடியும்.

கணவரின் பூர்வீகச் சொத்தில், அவர் உயிரோடு இருக்கும்போது மனைவிக்கு நேரடிப் பங்கு கிடையாது. பிள்ளைகளுக்கு இருக்கிறது, பெண் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். தமிழ்நாடு இதை 1989-லேயே சட்டமாக்கிவிட்டது, நாடு முழுவதற்கும் 2005-ல் வந்தது. அப்பா, அம்மா பிரிந்தாலும் அந்த உரிமை போகாது. அவசரத்தில் எழுதும் சமரசப் பத்திரங்களில் 'பிள்ளைகளுக்கும் இனி எந்த உரிமையும் இல்லை' என்று ஒரு வரி வந்து ஒட்டிக்கொள்வது உண்டு. கையெழுத்துப் போடும் முன் கவனிக்க வேண்டிய வரி அது.

நெய்வேலியிலிருந்து வந்த வழக்கு

இப்படிப் பெயரையும் பணத்தையும் மட்டுமே பார்க்கும் சட்டத்தில் ஒரு ஜன்னலைத் திறந்தது சென்னை உயர் நீதிமன்றம். 2023 ஜூன் 21 அன்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி அளித்த தீர்ப்பு அது.

1965-ல் திருமணம் செய்த தம்பதி. நெய்வேலியில் வேலை பார்த்த கணவர், 1983-ல் சவுதி அரேபியா போனார். 1994 வரை அங்கேதான் வேலை. மாதாமாதம் பணம் வந்தது. இங்கே பிள்ளைகளை வளர்த்து, வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவி, அந்தப் பணத்தில் தன் பெயரில் சொத்து வாங்கினார். திரும்பி வந்த கணவர், 'பணம் என்னுடையது, சொத்தும் என்னுடையது, மனைவி எனக்காக வைத்திருந்தவர் மட்டும்தான்' என்று வழக்குப் போட்டார். வழக்கு நடக்கும்போதே அவர் இறந்தும் போனார். பிள்ளைகள் தொடர்ந்தார்கள். கீழ் நீதிமன்றம், மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று கிட்டத்தட்ட முப்பது வருடம்.

மனைவி சம்பாதிக்கவில்லை என்பது உண்மைதான். அதனால் அவர் பங்களிக்கவில்லை என்று ஆகிவிடுமா? நீதிபதி அந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார். குடும்பத் தலைவி என்பவர் ஒரே ஆளாக நிர்வாகி, சமையல்காரர், கைவைத்தியம் பார்ப்பவர், வரவு செலவு பார்ப்பவர் என்று பல வேலை செய்கிறார். கணவரின் எட்டு மணி நேர வேலையோடு, விடுமுறையே இல்லாத இந்த வேலையைக் குறைத்து மதிப்பிட முடியாது. அவர் இதையெல்லாம் பார்த்துக்கொள்ளாவிட்டால் கணவர் வெளிநாடு போய்ச் சம்பாதித்திருக்கவே முடியாது என்ற பொருளில் எழுதினார். மனைவியின் இந்தப் பங்களிப்பை அங்கீகரிக்கச் சட்டம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். ஆனால், அங்கீகரிக்கக் கூடாது என்று தடுக்கும் சட்டமும் இல்லையே என்றார். கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கியதாகக் கண்ட சொத்துகளில் இருவருக்கும் சம பங்கு என்று தீர்ப்பானது.

இந்தத் தீர்ப்பு வந்த அன்று 'இல்லத்தரசிகளுக்கு கணவர் சொத்தில் பாதி' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். அது விவாகரத்து வழக்கு அல்ல, தம்பதிக்குள் நடந்த சொத்து வழக்கு. ஒரு தனி நீதிபதியின் தீர்ப்பு. அந்தச் சொத்துகள் மனைவி பெயரிலேயே இருந்தன என்பதும் முக்கியம். ஆனாலும், வேலையை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணின் வழக்கறிஞர் இன்றைக்கு வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. எடுத்துக் காட்ட ஒரு தீர்ப்பு இருக்கிறது.

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 289 நிமிடங்களை அதில் செலவிடுவதாகச் சொல்கிறது. ஆண்களுக்கு 88 நிமிடம். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரத்துக்கும் ஒன்றரை மணி நேரத்துக்கும் உள்ள வித்தியாசம். அந்த மணி நேரங்களுக்குப் பத்திரத்தில் கட்டம் கிடையாது.

சட்டமாக்க ஒருமுறை முயற்சி நடந்தது. 2010-ல் கொண்டுவந்த திருமணச் சட்டங்கள் திருத்த மசோதா, கணவரின் அசையாச் சொத்தில் மனைவிக்குப் பங்கு தரும் ஏற்பாட்டோடு 2013 ஆகஸ்ட்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் நிறைவேறவில்லை. 2014-ல் அவை கலைந்ததோடு மசோதாவும் காலாவதியானது.

தமிழிலேயே இருந்த ஒரு சொல்

சரிபாதி என்பது ஏதோ வெள்ளைக்காரர் வழக்கம் என்று நினைப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்தைக் காட்டலாம். அங்குள்ள தமிழர்களின் வழக்கச் சட்டமான தேசவழமை, டச்சுக்காரர் ஆட்சியில் 1707-ல் எழுத்து வடிவம் பெற்றது. அது குடும்பச் சொத்தை மூன்றாகப் பார்த்தது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்து அனுப்பியது சீதனம். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து வாழும்போது தேடியது 'தேடிய தேட்டம்'. 1911-ம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வழியுரிமைக் கட்டளைச் சட்டம், அந்தத் தேட்டத்தைக் கணவனோ மனைவியோ யார் சம்பாதித்திருந்தாலும், யார் பெயரில் இருந்தாலும் இருவருக்கும் சம உரிமை என்று எழுதியது. 1947-ல் வந்த திருத்தம் இதை மாற்றிவிட்டது என்பது வேறு கதை. ஆனால், நெய்வேலித் தம்பதிக்கு 2023-ல் சொன்ன பதில், நூறு வருடங்களுக்கு முன்பே தமிழர்கள் வாழ்ந்த ஒரு ஊரில் சட்டமாக இருந்திருக்கிறது.

கோவாவில் போர்த்துகீசியர் விட்டுப்போன 1867-ம் ஆண்டு சிவில் சட்டத்தின் அடிப்படையில், திருமணத்துக்கு முன்பு வேறு ஒப்பந்தம் செய்துகொள்ளாவிட்டால் சொத்து இருவருக்கும் பொது. இங்கிலாந்தில் 2000-ம் ஆண்டு ஒரு விவசாயத் தம்பதியின் வழக்கில், சம்பாதித்தவர், வீட்டைப் பார்த்துக்கொண்டவர் என்று பாகுபாடு காட்டக் கூடாது, சமபங்கு என்ற அளவுகோலை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்று அந்நாட்டின் பிரபுக்கள் சபை சொன்னது. லண்டனில் இருக்கும் மகளுக்கு ஒரு நியாயம், நந்தனத்தில் இருக்கும் மகளுக்கு வேறு நியாயம்.

நகை: சண்டையும் இங்கே, தெளிவும் இங்கே

வீட்டு விஷயத்தில் குழப்பமாக இருக்கும் சட்டம், நகை விஷயத்தில் தெளிவாக இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்போ, அன்றோ, பின்போ பெண்ணுக்கு என்று கொடுத்தது எல்லாம் அவருடைய தனிச் சொத்து. பிறந்த வீட்டார் போட்டது, புகுந்த வீட்டார் போட்டது, கணவர் கல்யாண நாளுக்கு வாங்கிக் கொடுத்தது என எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். கணவரிடமோ, மாமியாரிடமோ கொடுத்து வைத்திருந்தால் அவர்கள் பாதுகாவலர்கள் மட்டும்தான் என்று 1985-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

2024 ஏப்ரலில் கேரளத் தம்பதி ஒன்றின் வழக்கில் அதை மீண்டும் உறுதி செய்தது. திருமணத்தில் பெண்ணுக்குப் போட்டது 89 சவரன். முதல் நாள் இரவே, பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கிய கணவர், தன் அம்மாவிடம் கொடுத்தார். பிறகு அந்த நகைகள் அவர்களின் பழைய கடனை அடைக்கப் போய்விட்டன என்பது பெண்ணின் குற்றச்சாட்டு. உயர் நீதிமன்றம், போதிய ஆதாரம் இல்லை என்று பெண்ணுக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, நகை இருவருக்கும் பொதுவான சொத்து அல்ல, கஷ்டத்துக்குக் கணவர் பயன்படுத்திக்கொண்டாலும் திருப்பித் தரும் கடமை உண்டு என்று கூறி, 25 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. குற்ற வழக்குபோல சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்பதையும் சொன்னது. புது மனைவி நகையைக் கழற்றிக் கணவர் கையில் கொடுக்கும்போது ரசீது கேட்பாரா என்ன?

ஆனால் வாய்ப்பு அதிகம் என்று காட்டவாவது ஏதாவது வேண்டும். கல்யாண ஆல்பம் இங்கே ஆதாரம். முகூர்த்தத்தில் போட்டிருந்த காசுமாலை போட்டோவில் தெரியும். நகைக்கடை பில், அடகு வைத்த சீட்டு, லாக்கரைத் திறந்த தேதிப் பதிவு, 'உன் வளையலை வெச்சுத்தான் அட்வான்ஸ் குடுத்தேன்' என்று வந்த மெசேஜ் எல்லாமே உதவும். வரதட்சணை என்று மாப்பிள்ளை வீட்டார் வாங்கியதும்கூட, 1961-ம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டத்தின் 6-வது பிரிவுப்படி பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டியதுதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சொந்த சம்பாத்தியத்தில் மனைவி பெயரில் மனை வாங்கும் ஆண்கள் தமிழ்நாட்டில் ஏராளம். கணக்கில் வந்த பணத்தில் மனைவி பெயரில் வாங்கினால் அது பினாமி ஆகாது என்று சட்டம் விலக்கு தருகிறது. ஆனால், பிரியும்போது 'பணம் என்னுடையது' என்று நிரூபிக்கும் பாரம் அப்போது கணவர் மேல் விழும். அவருக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட்தான் துணை.

ஒளித்து வைத்தால்?

பிரியப் போகிறோம் என்று தெரிந்ததும் எஃப்.டி-யை உடைத்துத் தம்பி கணக்குக்கு அனுப்புவது, மனையை அம்மா பெயருக்கு எழுதுவது, நல்ல சம்பளத்தைத் திடீரென்று குறைத்துக் காட்டுவது எல்லாம் பழைய வித்தைகள். 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், ஜீவனாம்சம் கேட்கும் எல்லா வழக்குகளிலும் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று கட்டாயமாக்கியது. அதில் பொய் சொன்னால் தனியே நடவடிக்கை வரும்.

எதிர்த்தரப்பு என்ன வைத்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எதை ஒளித்தார் என்றும் தெரியும். அதற்குச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை இலவசமாகப் பார்க்கலாம். சர்வே எண்ணும், சார்பதிவாளர் அலுவலகமும் தெரிந்தால் போதும், அந்தச் சொத்து யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த வங்கியில் அடமானம் என்பதெல்லாம் வந்துவிடும். விற்றுவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் நீதிமன்றத்தில் தடை உத்தரவு கேட்க வேண்டும். வன்முறை நடந்த வீடு என்றால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 18-வது பிரிவிலேயே, ஜாயின்ட் அக்கவுன்ட், லாக்கர், நகை எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு வாங்க முடியும். ஜாயின்ட் அக்கவுன்ட் 'இருவரில் ஒருவர்' முறையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் முழுப் பணத்தையும் எடுத்துவிடலாம். சண்டை முற்றிய பிறகு வங்கி மேனேஜரிடம் அழுது பயனில்லை. முன்பே எழுத்தில் கொடுத்து நிறுத்தி வைக்கச் சொல்ல வேண்டும்.

பேசிப் பிரிபவர்களுக்கு

பரஸ்பர சம்மத விவாகரத்தில் சொத்துப் பிரிப்பு தம்பதியின் கையில்தான் இருக்கிறது. சட்டம் பாதி என்று சொல்லாவிட்டாலும், இருவரும் பேசிப் பாதி என்று எழுதிக்கொள்ளத் தடை இல்லை. ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்த பிறகு முதல் மனு. ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை ஆஜர். இந்த ஆறு மாதத்தைத் தகுந்த காரணம் இருந்தால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கமாக, ஒப்புக்கொண்ட தொகையில் ஒரு பகுதியை முதல் மனுவின்போதும் மீதியை இரண்டாவது முறை ஆஜராகும்போதும் கொடுப்பதாக எழுதுவார்கள். முழுத் தொகையையும் 'தீர்ப்புக்குப் பிறகு தருகிறேன்' என்று எழுதினால் பிறகு அலைவது நிச்சயம்.

வீட்டை மாற்றுவதிலும் நேரம் முக்கியம். தமிழ்நாட்டில் கணவன் மனைவி போன்ற குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலைப் பத்திரம் அல்லது செட்டில்மென்ட் எழுதினால், 2023 ஜூலை 10 முதல் முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். இதே பங்கைக் கிரயமாக எழுதினால் முத்திரைத்தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். அரைக் கோடி மதிப்புள்ள பங்குக்கு முதல் வழியில் 50,000 ரூபாய். இரண்டாவது வழியில் நாலரை லட்சம். தீர்ப்பு வந்துவிட்டால் அவர் மனைவி அல்ல, முன்னாள் மனைவி. அதனால் சலுகை கேட்டு நிற்க முடியாமல் போகலாம். 2025-ல் உச்ச நீதிமன்றம், மும்பை ஃபிளாட் ஒன்றைக் கணவர் மனைவிக்கு விட்டுக்கொடுத்த வழக்கில், நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கின் சமரசமாகவே அந்த மாற்றம் நடப்பதால் முத்திரைக் கட்டணம் வேண்டியதில்லை என்று விலக்கு தந்தது. இதில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதை, கையெழுத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டு எழுத்தில் கொண்டுவர வேண்டும். நூறு ரூபாய் முத்திரைத்தாளில் 'வீட்டை விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதி வாங்கிப் பீரோவில் வைத்தால் வீடு மாறாது. பதிவு செய்தால்தான் மாறும்.

பேச்சில் விட்டுப்போகும் விஷயங்கள் எப்போதும் சின்னச் சின்னவை. மியூச்சுவல் ஃபண்ட், ஆபீஸ் பி.எஃப், குழந்தை பெயரில் போட்ட செல்வமகள் சேமிப்பு, அபார்ட்மென்ட் அசோசியேஷன் டெபாசிட், மாமா பெயரில் எடுத்த கார். நந்தனம் ஃபிளாட்டுக்கு ஆறு மாதம் சண்டை போட்டவர்கள், வாங்கி வைத்த தனிநபர் கடனை யார் கட்டுவது என்று எழுதாமல் விட்டுவிடுவார்கள். சொத்தைப் பிரிக்கும் தாளிலேயே கடனுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குவது நல்லது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று ஒதுங்க வேண்டியதில்லை. 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்துக் கேட்கலாம். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் 181.

தீர்ப்பு நகல் கைக்கு வந்த பிறகும் ஒரு வேலை மிச்சம் இருக்கும். இன்ஷூரன்ஸ், பி.எஃப், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் நாமினி பெயர் இன்னும் பழையபடியே இருக்கும். உயில் எழுதி வைத்திருந்தால், விவாகரத்து ஆனதால் மட்டும் அது ரத்தாகிவிடாது. புதிதாக எழுத வேண்டும்.